சோறு பொய் சொல்லவில்லை

றேடியோவில் வருவதெல்லாம் வெறும் சத்தம் என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் கோபம் மூக்கின்மேல் வந்துவிடும். பாட்டுக்கும் சண்டைச் செய்திக்கும்தான் அந்தப் பெட்டி என்று நினைக்கிறவர்கள், திருக்கோணமலைத் துறைமுகக் கரையில் எங்கள் வீட்டில் நடந்ததைக் கேட்க வேண்டும். கேட்ட பிறகும் சத்தம் என்றுதான் சொல்வார்களானால், வைத்தியம் அவர்களுடைய காதுக்குத்தான் பார்க்க வேண்டும்.

யப்பான்காரன் குண்டு போட்டதற்கு அடுத்த வருசம் அது. குண்டுக்குப் பயந்து தோப்பூருக்கும் திரியாய்க்கும் ஓடிய சனம் மெல்ல மெல்லத் திரும்பி வந்திருந்தது. துறைமுகம் முழுக்கக் கப்பல், தெரு முழுக்க லொறி. என் கணவருக்குச் சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளில் வேலை. தாங்கிகளைச் சுற்றி ஒரே காடு, காடு நிறைய இரத்தம் குடிக்கிற நுளம்பு. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் நானும் அவரும் அவருடைய தாயும்தான். மாமி சல்லிக் கிராமத்து மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவர். வாய் திறந்தால் அலைச் சத்தம் அடங்கும். எனக்கும் வாய் குறைவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் அந்த மனிசன் சிரித்துக்கொண்டே சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போவார்.

எங்கள் ஒழுங்கை முனையில் ஒரு தேத்தண்ணிக் கடை. கிண்ணியாவிலிருந்து வந்த முஸ்லிம் மனிதர் ஒருவர் நடத்தினார். ஊரே அவரை நானா என்றுதான் கூப்பிடும். அவரிடம் பற்றரியில் வேலை செய்கிற ஒரு றேடியோ இருந்தது. முன்பக்கம் வாங்கில் ஆண்கள் இருந்து சண்டைச் செய்தி கேட்பார்கள். பின்பக்கம் குசினியில் நானாவின் மனைவியோடு நாங்கள் நாலைந்து பெண்கள் இருப்போம். அவரை நாங்கள் ராத்தா என்போம். கடைக்கும் குசினிக்கும் இடையில் ஒரு சாக்குத் தொங்கும். ஆண்களுக்குக் கேட்பது எங்களுக்கும் கேட்கும், ஆனால் எங்களை ஒருவரும் காண முடியாது. அரசாங்கமே ஒழுங்கு பண்ணித் தந்தாலும் அப்படி ஓர் இடம் கிடைக்காது.

கிழமைக்கு ஒருநாள், பொழுது சாய்கிற நேரம், கொழும்பிலிருந்து தமிழில் விஞ்ஞானப் புதினம் என்று ஒரு பேச்சு வரும். பேசுகிறவரின் பெயரைச் சொல்ல மாட்டார்கள். ஒரு பெண் குரல், கொஞ்சம் யாழ்ப்பாணத்து இழுவை. வைத்தியர் என்று அறிவிப்பாளர் ஒருமுறை சொன்னதால் நாங்கள் டொக்டரம்மா என்று பெயர் வைத்துவிட்டோம். அந்தப் பேச்சு வந்ததும் முன்பக்கத்து ஆண்கள் எழும்பிப் போய்விடுவார்கள். நாங்கள் அசைய மாட்டோம்.

என்னென்னவெல்லாம் சொன்னார் தெரியுமா! காயம்பட்ட சிப்பாய்களுக்கு ஏற்றுவதற்காக, இரத்தத்தில் இருக்கிற நீரை எடுத்துக் காயவைத்துத் தூளாக்கி வைத்திருக்கிறார்களாம், வேண்டிய நேரம் தண்ணீர் சேர்த்தால் சரியாம். "யா அல்லா, ரெத்தத்த மாவாக்குறயா?" என்று ராத்தா நெஞ்சில் கைவைத்தார். பூஞ்சணத்திலிருந்து ஒரு மருந்து எடுக்கிறார்கள், அது சீழ்ப் புண்ணை ஆற்றுகிறது என்று இன்னொரு கிழமை சொன்னார். வீட்டுக்கு வந்து மாமியிடம் சொன்னேன். "பூஞ்சணம் பிடிச்ச பாண் துண்டை நான் எறிஞ்சால் வீண் செலவு எண்டு கத்துவாய். இப்ப அதுதான் மருந்தோ? உனக்கும் விசர், உன்ர பெட்டிக்கும் விசர்" என்றார்.

எனக்கு அந்த டொக்டரம்மாவில் பிடித்தது வேறொன்று. ஒவ்வொரு பேச்சையும் முடிக்கும்போது, "இவ்வளவும் கண்டுபிடித்திருக்கிறார்கள். இதற்கு அப்பால் எனக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. தேடிக்கொண்டிருக்கிறார்கள்" என்பார். படித்தவர்கள் வாயால் தெரியாது என்ற சொல்லை அதற்கு முன் நான் கேட்டதே இல்லை. அதைக் கேட்கவே நான் போனேன் என்றுகூடச் சொல்லலாம்.

அந்த நேரத்தில்தான் என் கணவருக்குக் குளிர் காய்ச்சல் பிடித்தது. மலேரியா. கட்டில் ஆடுகிற அளவுக்கு நடுக்கம், பிறகு நெருப்பாகக் காயும், பிறகு வேர்த்து ஓடும். முந்தியெல்லாம் கொயினா தருவார்கள். கொயினா மரங்கள் நின்ற யாவாவை யப்பான்காரன் பிடித்துவிட்டதால் ஒரு துளியும் கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாக வேலைத்தலத்து மருந்துச்சாலையில் புது மாதிரிக் குளிசை கொடுத்தார்கள். பச்சை மஞ்சள் நிறம், நாக்கில் பட்டால் நாள் முழுக்கக் கசக்கும். இது என்ன என்று இவர் கேட்டதற்கு, "முழுங்கு, கேள்வி கேளாதை" என்று மருந்து கொடுக்கிறவர் கத்தியிருக்கிறார். கேள்வி கேட்கக் கூடாது என்றால் சனம் தானே பதிலைக் கண்டுபிடித்துக்கொள்ளும். அந்தக் குளிசை ஆண்மையைக் கெடுக்கும் என்று தாங்கியடியில் கதை பரவி, பாதிப் பேர் அதைக் கடலில் எறிந்தார்கள். குடாவில் இருக்கிற மீனுக்கெல்லாம் காய்ச்சல் மாறியிருக்கும்.

இவர் எறியவில்லை. நான் எறிய விட்டிருக்கவும் மாட்டேன். ஒழுங்காக விழுங்கினார், காய்ச்சலும் விட்டது. ஆனால் சில நாளில் உள்ளங்கை மஞ்சளானது, பிறகு பாதம், பிறகு முகம். "என்ன மச்சான், மஞ்சள் பூசியிருக்கிறாய், பெரியபிள்ளை ஆகிட்டியோ, சாமத்தியவீடு எப்ப?" என்று கூட வேலை செய்கிறவர்கள் பகிடி பண்ணினார்கள். இவரும் சிரித்தார்.

மாமி சிரிக்கவில்லை. மஞ்சள் காமாலையை நாங்கள் செங்கமாரி என்போம். என் மாமாவைக் கொண்டுபோனது அந்தச் செங்கமாரிதான். வெயிலில் கறுத்த மனிசனுக்கு மஞ்சள் எங்கே தெரியப்போகிறது என்று கவனிக்காமல் விட்டதாக மாமி தன்னையே திட்டிக்கொள்வார். அதற்குப் பிறகு சோற்றுப் பரீட்சை பார்ப்பதில் அவரை மிஞ்ச எங்கள் கரையில் ஆளில்லை. யாருக்காவது செங்கமாரி என்று சந்தேகம் வந்தால், விடியப்புறத்து மூத்திரத்தைத் தேங்காய்ச் சிரட்டையில் பிடித்து, அதில் ஒரு பிடி வெள்ளைச் சோற்றைப் போட்டு வைத்து, பிறகு நல்ல தண்ணீரில் அலசுவார். சோறு வெள்ளையாக வந்தால் பயமில்லை. மஞ்சள் போகாமல் நின்றால் செங்கமாரி. நிலாவெளியிலிருந்துகூட ஆட்கள் சிரட்டையோடு வருவார்கள்.

மகனுக்குப் பார்த்தார். அலசினார், திரும்பத் திரும்ப அலசினார். சோறு மஞ்சளாகவே இருந்தது. சிரட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கிணற்றடியிலேயே குந்திவிட்டார்.

அதோடு குளிசை நின்றது. தகப்பன் போன விதத்தைக் கண்டவர் என்பதால் இவரும் தாயை மறுக்கவில்லை. பொட்டலத்தைத் தன் பெட்டகத்துக்குள் வைத்துப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டார். எண்ணெய் இல்லை, மீன் இல்லை, உப்பில்லாத கஞ்சி, விடியற்காலையில் ஆட்டுப்பாலில் அரைத்த கீழ்க்காய்நெல்லி. செங்கமாரி என்றால் சரியான பத்தியம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் குளிசை நின்றதும் காய்ச்சல் திரும்பி வந்தது. முந்தியதைவிட மோசமாக வந்தது.

அந்தக் கிழமைதான் டொக்டரம்மா புதுக் குளிசையைப் பற்றிப் பேசினார். எனக்கென்றே பேசின மாதிரி இருந்தது. அது சாயம் செய்கிற ஆராய்ச்சியிலிருந்து பிறந்த மருந்தாம். அதனால் அதன் நிறம் தோலில் பிடிக்குமாம். தோல் மஞ்சளானதைக் கண்டு நிறுத்திவிடாதீர்கள், கண்ணின் வெள்ளையைப் பாருங்கள், செங்கமாரி என்றால் அங்கே நன்றாக மஞ்சள் ஏறும், குளிசை மஞ்சள் அப்படி ஏறாது என்றார். நான் செருப்பைக்கூட மாட்டாமல் வீட்டுக்கு ஓடினேன்.

"மாமி, அது செங்கமாரி இல்லையாம்! கண்ணைப் பாக்கட்டாம்!"

மாமி அசையவில்லை. "கண்ணிலை பிந்தித்தான் வரும். உன்ர மாமாவுக்கும் பிந்தித்தான் வந்தது. சோறு முந்திச் சொல்லும். அவ சோத்தைப் பற்றி என்ன சொன்னவா?"

"சோத்தைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை."

"அப்ப போய்க் கேள். சோறு ஏன் மஞ்சளானது எண்டு அவ சொல்லட்டும். சொன்னால் திறப்பைத் தாறன்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. சட்டியைப் போட்டு உடைத்தேன். ஆனால் உடைத்துவிட்டு யோசித்துப் பார்த்தால், அவருடைய கேள்வியில் பிழை ஒன்றும் இல்லை. தோலுக்குக் காரணம் சொன்னவர் சோற்றுக்கும் காரணம் சொல்லத்தானே வேண்டும்?

கேள்வி இருந்தால் எழுதி அனுப்பலாம் என்று அறிவிப்பாளர் சொல்வது ஞாபகம் வந்தது. நானாவிடம் ஒரு தபாலட்டை வாங்கிக் குசினிக்குள் இருந்து எழுதினேன். எழுத்து எனக்கு வரும், ஆனால் மூத்திரம் என்று எழுதக் கை கூசியது. சாக்குக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு நானா, "எழுதுங்க புள்ள, டொக்டருக்கிட்ட என்னத்துக்கு வெக்கம்?" என்றார். எழுதி முடித்த பிறகு இன்னொரு பயம். துறைமுகப் பட்டினத்திலிருந்து போகிற தபாலையெல்லாம் பட்டாளத்துக்காரர் படிப்பார்கள். சிரட்டை, சோறு, மஞ்சள் என்று கண்டால் எதிரிக்குப் போகிற இரகசிய பாசை என்று பிடித்து வைத்துவிட்டால்? "பிடிச்சா நான் போய்ச் சொல்றன், இது மூத்திரத்துக் கததான் எண்டு" என்றார் நானா. ராத்தாவும் நானும் அழுகிற நேரத்தில் சிரித்தோம்.

அடுத்த கிழமை டொக்டரம்மா வந்தார். இரவில் கடல் ஒளிர்வதைப் பற்றிப் பேசினார். கண்ணுக்குத் தெரியாத சின்ன உயிர்கள் செய்கிற வேலையாம். வேறு நாளென்றால் வாயைப் பிளந்து கேட்டிருப்பேன். அன்றைக்கு எனக்குக் கடலும் வேண்டாம், ஒளியும் வேண்டாம். சோற்றைப் பற்றி ஒரு சொல் இல்லை. அந்தப் பெட்டியைத் தூக்கிக் கடலில் போடவேண்டும் போல இருந்தது. வீட்டில் என் கணவர் எலும்பும் தோலுமாகக் கிடந்தார். நடுக்கம் வரும்போது பற்கள் அடிக்கிற சத்தம் முற்றத்துக்குக் கேட்கும்.

வேலைத்தலத்துக்கு ஆளனுப்பி இரண்டு குளிசை எடுப்பித்து, கஞ்சிக்குள் தூளாக்கிக் கலந்து பார்த்தேன். கஞ்சி முழுக்க மஞ்சளாகிவிட்டது. ஒரு வாய் வைத்ததும் கசப்புத் தாங்காமல் அவர் துப்பிவிட்டார். மாமி கோப்பையை எட்டிப் பார்த்தார். "கஞ்சியையே இப்படிச் செய்யிறது குடலை என்ன செய்யும்?" என்று கேட்டுக்கொண்டு வெளியே ஊற்றினார். நான் கத்தினேன். "உங்கட பிள்ளையை நீங்களே கொல்லுறியள்!" என்றேன். அவர் திருப்பிக் கத்தவில்லை. மாமி கத்தாமல் இருந்தது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

அதற்கு அடுத்த கிழமை, நான் கடைக்குப் புறப்பட, மாமி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னால் வந்தார். அதுவரை அவர் அந்தக் கடைப் படி மிதித்ததில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணை மகனுக்குக் காவல் வைத்துவிட்டு வந்திருந்தார். ராத்தா பலகையைத் துடைத்துப் போட்டு, "இரிங்க உம்மா" என்றார்.

பற்றரி இறங்கிக்கொண்டிருந்தது. மாற்றுப் பற்றரி வர இன்னும் நாளாகும். இந்தக் கால்மணி நேரத்துக்காக நானா அன்று முழுக்க சண்டைச் செய்தியையே போடவில்லை என்பது முன்பக்கத்து முணுமுணுப்பில்தான் எங்களுக்குத் தெரிந்தது. "இட்லர் எங்கே நிற்கிறான் எண்டு தெரியாமல் தேத்தண்ணி எப்படி இறங்கும்?" என்று ஒருவர் கேட்டார். "அவன் நாளைக்கும் அங்கதான் நிப்பான்" என்று நானா சொன்னார். அந்த மனிதரை நினைத்தால் இப்போதும் என் கை தன்பாட்டில் கும்பிடும்.

குரல் வந்தது. இரைச்சலுக்கு நடுவில் மெல்லிசாக வந்தது.

"திருக்கோணமலையிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். தோல் மஞ்சளாவது குளிசையால் என்றால், சோறு மஞ்சளாவது எதனால் என்று. மிகவும் நல்ல கேள்வி. போன கிழமையே பதில் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் என்னிடம் பதில் இருக்கவில்லை, என்னிடம் உள்ள புத்தகங்களிலும் இருக்கவில்லை. ஆகவே செய்து பார்த்தேன்."

மாமி என் கையைப் பிடித்தார்.

"எனக்குக் காய்ச்சல் இல்லை, செங்கமாரியும் இல்லை. முதலில் ஒன்றும் விழுங்காமல் சோற்றுப் பரீட்சை செய்தேன். சோறு வெள்ளையாக இருந்தது. பிறகு காய்ச்சல்காரருக்குக் கொடுக்கிற குளிசையை விழுங்கத் தொடங்கினேன். திரும்பச் செய்தேன். சோறு மஞ்சளாகிவிட்டது. எவ்வளவு அலசியும் போகவில்லை. அந்தத் தாய் பார்த்தது சரி. சோறு பொய் சொல்லவில்லை. மஞ்சள் இருக்கிறது என்று சோறு சொல்கிறது. அது ஈரலிலிருந்து வந்ததா, குளிசையிலிருந்து வந்ததா என்று சோற்றுக்குத் தெரியாது. அதற்குத்தான் கண்ணையும் பார்க்க வேண்டும். என் தோல் இன்னும் மஞ்சளாகவில்லை. என் கண் வெள்ளையாக இருக்கிறது. நான் சுகமாக இருந்துதான் உங்களோடு பேசிக்கொண்டிருக்கிறேன். இந்த நிறம் உடம்பில் ஏன் இவ்வளவு நாள் தங்குகிறது என்பது எனக்குத் தெரியாது."

அதற்குப் பிறகு என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. பற்றரியும் சேர்ந்து இறங்கிவிட்டது.

மாமிதான் முதலில் வாய் திறந்தார்.

"அவ திண்டவவோ?"

"ஓம் மாமி."

"சும்மா இருந்த பிள்ளை. என்ர சோத்துக்காகவோ அந்தக் கசப்பைத் திண்டவள்?"

"ஓம்."

"சிரட்டையிலை... அந்தப் படிச்ச பிள்ளை... அதையும் செய்தவளோ?"

ராத்தா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். மாமியின் சோற்றுப் பரீட்சையை மூடத்தனம் என்று ஒரு சொல்லில் தள்ளியிருக்கலாம். படித்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் செய்திருப்பார்கள், நானும்கூட அந்தக் கிழமை முழுக்க மனதுக்குள் அப்படித்தான் திட்டினேன். டொக்டரம்மாவோ ஒரு பிடி சோற்றை எடுத்து அலசிப் பார்த்திருக்கிறார். அந்த முகம் தெரியாத பெண்ணின் மேல் எனக்கு வந்த மரியாதை இன்றைக்கும் ஒரு அரிசி அளவுகூடக் குறையவில்லை.

வீட்டுக்கு வந்தோம். வெளிச்சம் இன்னும் இருந்தது. மாமி மகனைத் தாங்கி எழுப்பி வாசலோடு சாய்த்து, இமையைக் கீழே இழுத்து ஒரு கண்ணைப் பார்த்தார், மற்றக் கண்ணைப் பார்த்தார். திரும்ப முதல் கண்ணைப் பார்த்தார். காய்ச்சலில் சிவந்த நரம்பு ஓடியிருந்தது. நரம்புக்கு நடுவில் வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. இடுப்பிலிருந்த திறப்பை எடுத்து என்னிடம் நீட்டினார். நான் வாங்கிக்கொண்டு பெட்டகத்தடிக்கு ஓடினேன்.

குளிசையை மாமிதான் ஊட்டினார். "கசக்கும் ராசா. கொழும்பிலை ஒரு பிள்ளை உனக்கு முந்தித் திண்டிட்டாள். நீ விழுங்கு" என்றார். அவர் விழுங்கினார்.

ஒரேயடியாக மாறவில்லை. இரண்டு நடுக்கம் வந்தது, இரண்டாவது கொஞ்சம் சின்னது. பிறகு வரவில்லை. கஞ்சிக்கு உப்புக் கேட்டார். அடுத்த நாள் மீன் கேட்டார். மீன் கேட்ட அன்று மாமி கடற்கரைக்குப் போய்ச் சண்டை பிடித்து ஒரு பாரைக்குட்டி வாங்கி வந்தார். அந்தச் சண்டைச் சத்தம் எங்கள் வளவுக்குக் கேட்டது. மாமியின் வாய் திரும்பி வந்ததைக் கேட்டு நான் அடுப்படியில் நின்று அழுதேன்.

தோல் மட்டும் கனகாலம் மஞ்சளாகவே கிடந்தது. தாங்கியடியில் குளிசையைக் கடலில் எறிந்தவர்கள், இவர் வேலைக்குத் திரும்பியதைக் கண்டு கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். சிரட்டையோடு வருகிறவர்களுக்கும் மாமி இப்போது இரண்டு கேள்வி வைத்திருந்தார். "குளிசை திண்டனீரோ? எங்கை, கண்ணைக் காட்டும்." இரண்டையும் பார்த்த பிறகுதான் சோற்றைப் பற்றி வாய் திறப்பார்.

ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, இன்னொரு தபாலட்டை எடு என்றார். சுகமாகிவிட்டது, நன்றி என்று எழுதச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அதையும் எழுதச் சொன்னார். அதோடு விடவில்லை.

"எழுது. பிள்ளை, சோறு அலசினது காணும், போதும். இனி நீ அந்தக் கசப்பைத் திண்ண வேண்டாம். நிப்பாட்டு."

"மாமி, அவ டொக்டர். அவவுக்குத் தெரியாதே? எப்பவோ நிப்பாட்டியிருப்பா."

"உனக்குத் தெரியுமோ? கண்டனியோ? எழுது எண்டால் எழுது."

எழுதினேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு கிழமையும் மாமி எனக்கு முந்திப் போய் ராத்தாவின் பலகையில் இருந்தார். முதல் கிழமை ஒன்றும் வரவில்லை. இரண்டாம் கிழமை டொக்டரம்மா தேனீக்களைப் பற்றிப் பேசினார். பேசி முடித்து, இதற்கு அப்பால் எனக்கும் தெரியாது என்று வழக்கம்போலச் சொன்னார். பிறகு இன்னொன்றும் சொன்னார். அது றேடியோத் தமிழாக இருக்கவில்லை, வீட்டுத் தமிழாக இருந்தது.

"திருக்கோணமலை அம்மா, நிப்பாட்டிப்போட்டன். கண் வெள்ளையாத்தான் இருக்கு."

மாமி சாக்கை விலக்கினார். பேச்சு முடிந்து ஆண்கள் முன்பக்கத்துக்குத் திரும்பி வந்துவிட்டார்கள் என்றும் பார்க்கவில்லை. பெட்டியை நேரே பார்த்து, கொழும்புக்குக் கேட்கிற மாதிரிச் சத்தமாகச் சொன்னார்.

"ஓம் பிள்ளை. நல்லா இரு."